ஓவர்டிரைவ் போட்ட பிக்கப்பும் ஒரு சத்தமும்

நாங்குநேரிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த தனுஷ்கோடியிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. அது அலறுகிற அலறலில் அவர் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

டிரைவர் இசக்கியின் யோசனைப்படி அதில் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர்ப்பெட்டியைப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு அதே வேகத்துக்கு இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலே போதும் என்றாகிவிட்டது. வண்டி பூனை மாதிரி போனது. டீக்கடையில் ஒருத்தரும் அசையவில்லை.

முதலாளிக்கு மானமே போய்விட்டது. "ஏலே இசக்கி, ஓவர்டிரைவும் இருக்கணும், பழைய சத்தமும் வரணும். நாளைக்கு டீக்கடையில எல்லாவனும் எந்திரிக்கலேன்னா சாவியை வச்சிட்டு வீட்டுக்குப் போயிரு!"

"சரி முதலாளி" என்றான் இசக்கி.

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி வடை தின்றுகொண்டிருந்தார்கள். வண்டி பக்கத்தில் போனதும் இசக்கி மெதுவாகச் சொன்னான்: "முதலாளி, சீட்டுல கிரீஸ் டப்பாவைத் திறந்து வச்சிருந்தேன். அதுமேலயா உக்காந்திருக்கீக?"

பட்டு வேட்டி கட்டியிருந்த தனுஷ்கோடி துள்ளி எழுந்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டு, "ஏ...லே...ய்!" என்று அலறினார்.

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்: "பிக்கப்பு வந்துட்டு, எந்திரிங்கடே!"

அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"கிரீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல முதலாளி. நீங்க கேட்ட சத்தம் வந்துட்டுல்லா?" என்றான் இசக்கி.

தனுஷ்கோடி தலையைத் தடவிக்கொண்டே வெளியே பார்த்தார். எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அடுத்த டீக்கடை எங்கலே இருக்கு?"