வாய் காட்டும் நாள்

அன்று காலை நாணற்குளத்தின் கரையில் கூடியிருந்தவர்கள்: தவளைகள் நாற்பத்தொன்று, தாரா வாத்துகள் பன்னிரண்டு, ஆமைகள் ஒன்பது, கொக்குகள் ஐந்து, கானாங்கோழி ஒன்று, வாலாட்டிக் குருவி ஒன்று, தலைவராகிய உடும்பு ஒன்று. மொத்தம் எழுபது. நாணல் புதருக்குள் கானாங்கோழியின் முட்டைகளும் இருந்தன. ஆனால் முட்டைகளைக் கூட்டத்தில் எண்ணும் வழக்கம் இல்லை. அதனால் இங்கும் எண்ணவில்லை.

அந்தக் குளத்தில் ஓட்டுப் போட்டுத்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை பதவி. குளத்துத் தண்ணீரைக் குடிக்கும் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. பாம்புகளை விரட்டுவதாகச் சொல்லி உடும்பு ஜெயித்திருந்தது. விரட்டவும் செய்தது. ஏழு பாம்புகள். அதை மறைக்கக் கூடாது.

தலைவருக்கு ஒரு கடமை உண்டு. மாதம் ஒருமுறை மதகுக் கல்லின்மேல் நின்று, எல்லோர் முன்னாலும் வாயை அகலத் திறந்து காட்ட வேண்டும். வாலாட்டிக் குருவி உள்ளே எட்டிப் பார்க்கும். பல்லிடுக்கில் இறகோ முட்டை ஓடோ இருந்தால் சொல்லிவிடும். தலைவர் கல்லைவிட்டு இறங்க வேண்டியதுதான். அதுவரை இருந்த பதினொரு தலைவர்களும் வாயைக் காட்டியவர்களே.

உடும்பு அன்று வாயைத் திறக்கவில்லை.

“என்ன தலைவரே, பல்வலியா?” என்று ஒரு தவளை கேட்டது.

“குளத்தின் பாதுகாப்பு!” என்றது உடும்பு, பல்லைக் கடித்தபடியே. “நாணலுக்குள் பாம்பு ஒளிந்திருக்கும். எனக்கு எத்தனை பல் என்று அது எண்ணிவிட்டால் உங்கள் கதி என்ன?”

பாம்பு என்றதும் தவளைகள் நடுங்கின.

கானாங்கோழி முன்னால் வந்தது. “தலைவரே, நான் இட்டது ஆறு முட்டை. இன்று காலை இருப்பது நாலு. வாயைத் திறந்து காட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.”

“ஏழு பாம்பை விரட்டியவனிடமா இப்படிக் கேட்கிறாய், தங்கச்சி? பாம்பு உனக்கு என்ன உறவு? மாமனா, மச்சானா?”

தவளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

வழக்கு ஆமைகளிடம் போயிற்று. குளத்தில் தீர்ப்புச் சொல்வது அந்த ஒன்பது பேரின் வேலை. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தார்கள். அந்த மூன்று நாளில் இன்னொரு முட்டை காணாமல் போயிற்று.

நான்காம் நாள் மூத்த ஆமை தலையை நீட்டியது. “தலைவரின் வாய் சாதாரண வாய் அல்ல. பதவியின் வாய். பதவியில் இருக்கும்வரை அதைத் திறக்கச் சொல்லக் கூடாது. பதவி முடிந்த மறுநாள் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து பேர் சம்மதம். நாலு பேர் சம்மதமில்லை.”

“அதற்குள் விழுங்கிவிட மாட்டாரா?” என்று கேட்டது கானாங்கோழி.

“அது வாயைப் பற்றிய கேள்வி இல்லையம்மா. வயிற்றைப் பற்றியது. வயிறு எங்கள் வழக்கில் வரவில்லை.”

அடுத்த வாரம் மேலும் இரண்டு முட்டைகள் போயின. மிச்சம் ஒன்று.

கானாங்கோழி அந்த ஒன்றை அலகால் மெல்ல உருட்டிக்கொண்டு போய், மதகுக் கல்லுக்கு அடியிலிருந்த இடுக்கில் வைத்தது. தானும் உள்ளே நுழைந்து அடைகாத்தது.

“அடிப்பாவி! அவர் உட்காரும் இடத்துக்கு அடியிலேயா?” என்றது வாலாட்டிக் குருவி.

“அங்கே மட்டும்தான் அவர் பார்ப்பதில்லை. பார்த்தாலும் இப்போது நுழைய முடியாது.”

அது உண்மை. உடும்பு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே வந்தது.

முதலில் கொக்குகள் ஐந்தும் வேறு குளத்துக்குப் பறந்தன. பிறகு தாராக்கள் குறைந்தன. பிறகு தவளைகள். மிஞ்சிய தவளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டன: “தலைவர் மட்டும் இல்லையென்றால் நம்மைப் பாம்பு தின்றிருக்கும்!”

ஒருநாள் ஆமைகள் கரை மணலைத் தோண்டின. அங்கே அவை புதைத்து வைத்திருந்தவை முப்பத்தேழு முட்டைகள். ஓடுகள்தான் இருந்தன.

மூத்த ஆமை மதகுக்கு வந்து சேர அரை நாள் ஆயிற்று. “உடும்பே! திற வாயை!”

“மன்னிக்க வேண்டும் பெரியவரே. உங்கள் தீர்ப்பு தடுக்கிறது.”

“அது கோழி முட்டைக்குச் சொன்ன தீர்ப்பு!”

“அதில் கோழி என்ற பேச்சே இல்லையே! நன்றாக யோசித்துத்தானே சொன்னீர்கள்? மூன்று நாள்!”

மூத்த ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

மழைக்காலம் திரும்பியது. பதவி முடிந்த மறுநாள், தீர்ப்பில் சொன்னபடியே, உடும்பு மதகுக் கல்லில் ஏறி வாயைத் திறந்தது. அகலமாகத் திறந்தது. வாலாட்டிக் குருவி இரண்டு முறை எட்டிப் பார்த்தது. அது பொய் சொல்லாத குருவி.

“ஒன்றும் இல்லை” என்றது.

“பார்த்தீர்களா! இத்தனை சுத்தமான வாயை எந்தத் தலைவராவது காட்டியதுண்டா? மறுபடியும் எனக்கே போடுங்கள்!” என்றது உடும்பு.

ஓட்டெடுப்பு நடந்தது. உடும்பு வேண்டும் என்பவர்கள் வலப்பக்கம், வேண்டாம் என்பவர்கள் இடப்பக்கம். வலப்பக்கம் தவளைகள் பன்னிரண்டு, தாராக்கள் இரண்டு, ஆமைகள் இரண்டு, உடும்பு ஒன்று. பதினேழு. இடப்பக்கம் ஆமைகள் ஏழு, தவளைகள் ஆறு, தாராக்கள் இரண்டு, வாலாட்டிக் குருவி ஒன்று, கானாங்கோழி ஒன்று. அதுவும் பதினேழு.

அப்போது மதகின் இடுக்கிலிருந்து ஓர் இளங்கோழி வெளியே வந்தது. குனிந்து குளத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்தது. நடந்துபோய்த் தன் தாயின் பக்கத்தில் நின்றது. பதினெட்டு.

“செல்லாது! நான் பதவியில் இருந்தபோது அது முட்டை! கணக்கிலேயே இல்லை!” என்று கத்தியது உடும்பு.

இந்த முறை ஆமைகள் தண்ணீருக்குள் போகவில்லை. “இப்போது அது முட்டை இல்லை. ஒன்பது பேரும் சம்மதம்” என்றது மூத்த ஆமை.

உடும்பு நான்கு காலாலும் மதகுக் கல்லை இறுகப் பற்றிக்கொண்டது. யாரும் இழுக்கவில்லை. இரண்டு பக்கத்தாரும் வந்து கல்லைச் சுற்றி நின்றார்கள். தனக்கு ஓட்டுப் போட்டவர்களும் நிற்பதை உடும்பு பார்த்தது. ஒரு நாழிகை கழித்துப் பிடியை விட்டது. காட்டுக்குள் போய் மறைந்தது. பன்னிரண்டு தவளைகள் அழுதன.

புதிய தலைவராக ஒரு தாராவைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கல்லில் ஏறியதுமே வாயைத் திறந்தது.

“மூடுங்கள் தலைவரே, மூடுங்கள்! உங்கள்மேல் யாருக்குச் சந்தேகம்?” என்றன தவளைகள்.

“சந்தேகம் இல்லாத நாளிலும் பார்த்துவிட வேண்டும்” என்றது கானாங்கோழி. வாலாட்டிக் குருவி எட்டிப் பார்த்தது.

கானாங்கோழியின் ஐந்து முட்டைகளுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஆள்பவரின் வாயை ஆளும்போதே திறந்து பார்க்காத இடத்தில், எழுபது பேர் முப்பத்து நான்கு பேர் ஆவார்கள்.