பவளத் தொட்டிக்கு ஒரு மீன்

தூத்துக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குற்றாலிங்கம் அண்ணாச்சி, கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு ஓர் ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

ஆசிரியர் பெயர் ஜெசிந்தா மச்சாது. அண்ணாச்சியின் கடைசி மகளைவிட இளையவர். கடலுயிரியல் படித்தவர். கடற்கரைச் சாலையில் ஒரு கூடம் வைத்து, வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். கூடத்தில் மீன்கள் விற்பனைக்கும் உண்டு. ஆனால் கேட்டவுடன் கிடைக்காது.

அண்ணாச்சி வீட்டுத் தொட்டியில் ஒரு வருஷமாக மீனே இல்லை. முதலில் தண்ணீர் மட்டும். பிறகு மணலும் பாறையும். அதற்குப் பிறகு டீச்சர் தன் தொட்டியில் வளர்த்த மென்பவளத்தில் விரல் நுனி அளவு துண்டுகள் கொடுத்தார். அவை மெல்லப் படர்ந்து பாறை முழுக்கப் பூத்தன. பூ மாதிரித் தெரிகிற ஒவ்வொன்றும் ஓர் உயிர் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், அண்ணாச்சி தொட்டிப் பக்கம் போகும்போது குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இது எங்க வீட்டுக்காரர் வளர்க்குற கல்லு" என்று சிரிக்காமல் சொல்வார்.

ஒருநாள் அண்ணாச்சி வீட்டுக்கு ஜெசிந்தா வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, இனி ஒரு மீன் விடலாம் என்றார். மறுநாள் கூடம் திறக்கும் முன்பே அண்ணாச்சி வாசலில் நின்றார்.

உள்ளே போனவர் நேராக வண்ணத்துப்பூச்சி மீன் முன்னால் போய் நின்றுவிட்டார். உடம்பெல்லாம் மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கரை. ஆயுசு முழுக்கப் பட்டு விற்றும் இப்படி ஒரு மஞ்சளைத் தான் பார்த்ததில்லை என்றார்.

"இதுதான் டீச்சர்."

ஜெசிந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுப் பவளத்தில் ஒரு துண்டு எடுத்துவரச் சொன்னார்.

அண்ணாச்சிக்கு மனசே வரவில்லை. இருந்தாலும் நன்றாக அடர்ந்திருந்த இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, சின்னதாக ஒன்றைப் பெயர்த்து எடுத்தார். தொட்டித் தண்ணீர் நிரப்பிய தூக்குவாளியில் அதைப் போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துப் பிடித்தபடி வந்தார்.

துண்டை அந்த மீன் இருந்த தொட்டியில் வைத்துவிட்டு, ஜெசிந்தா அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்.

வெகுநேரம் கழித்துப் பூக்கள் விரிந்தன. மீன் பக்கத்தில் வந்தது. முத்தம் கொடுப்பதுபோல வாயைக் கொண்டுபோனது. ஒரு பூவைக் காணோம். சற்று விலகி, மறுபடி வந்தது. இன்னொன்றையும் காணோம்.

அண்ணாச்சி எழுந்து கண்ணாடியைத் தட்டினார். மீன் அதைச் சட்டை செய்யவில்லை.

ஜெசிந்தா துண்டை வெளியே எடுத்துத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார்.

"இவ்வளவு அழகா இருந்துக்கிட்டுக் கெட்ட மீனா இருக்கே, டீச்சர்."

"கெட்ட மீன் இல்ல, அண்ணாச்சி. பசிச்ச மீன்."

அடுத்த தடவை அண்ணாச்சி உஷாராக வந்தார். நிறத்தில் மயங்காமல், ஒவ்வொரு மீனும் எதைத் தின்கிறது என்று கூடத்திலிருந்த மற்ற மாணவர்களிடம் விசாரித்தார். கடைசியில் மாண்டரின் மீன் முன்னால் வந்து உட்கார்ந்தார். நீலத்தில் ஆரஞ்சு வரிகள் ஓடும் சிறிய மீன். பாறையில் எதையோ கொத்திக்கொண்டே போனது, பவளத்தைத் தொடவில்லை. மத்தியானம் வரை பார்த்தார். அப்போதும் தொடவில்லை.

ஜெசிந்தாவும் அதை ஒப்புக்கொண்டார். அந்த மீன் பவளத்துக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்றார். பிறகு ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, அது பாறையில் கொத்துவது தூசி அளவு பூச்சிகளை, உங்கள் வீட்டுப் பாறையில் அவை எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்து வாருங்கள் என்று அனுப்பினார்.

அண்ணாச்சியும் ஆவுடையம்மாளும் சாயங்காலம் முழுக்கத் தொட்டியில் கண்ணாடி பிடித்துத் தேடினார்கள். ஆவுடையம்மாளுக்குத்தான் கண் கூர்மை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றைக் காட்டினார்.

காலையில் அண்ணாச்சி கூடத்துக்கு வந்து, ஒருவேளைச் சாப்பாட்டுக்குத்தான் போதும் என்றார். நாமாக வேறு தீனி போட்டால் தின்னுமா என்று கேட்டார். பெரும்பாலும் தின்னாது என்றார் ஜெசிந்தா.

அண்ணாச்சி அந்த மீனையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம தொட்டியைத் தின்னாது. நம்ம தொட்டி இதைத் தின்னுரும்" என்றார்.

அன்றைக்குத்தான் ஜெசிந்தா முதன்முதலாக அவருக்கு டீ வரவழைத்தார்.

அதன்பிறகு அண்ணாச்சி அவசரப்படவில்லை. தினமும் வந்தார், பார்த்தார், கேட்டார், வெறுங்கையோடு போனார். ஒரு மாதம் கழித்து ஒரு மீனைக் காட்டினார். முன்பாதி வெள்ளை, வாலுக்குப் போகப்போகச் சிவந்து நெருப்பாகும். தீமீன் என்று பெயர். போடுகிற தீனியைத் தின்னும், பவளத்தைத் திரும்பிப் பார்க்காது, பயந்தால் தொட்டியை விட்டுத் துள்ளிவிடும், அதனால் மேலே வலை கட்டிவிட்டேன் என்றார்.

ஜெசிந்தா மறுபேச்சுப் பேசாமல் அதைப் பையில் பிடித்துக் கொடுத்தார்.

ஆவுடையம்மாள் கேசரி கிண்டி அக்கம்பக்கத்தாரை அழைத்திருந்தார். எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மீனை விட்டதும் அது ஒரே பாய்ச்சலில் பாறை இடுக்குக்குள் போய்விட்டது. திரும்ப வரவில்லை. வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டு, கல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் மீன் தலைகாட்டவில்லை. அண்ணாச்சி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். பாறையை லேசாக நகர்த்திக்கூடப் பார்த்தார். செத்துப்போயிருக்குமோ என்ற பயம் பிடித்துக்கொள்ள, கூடத்துக்கு ஓடிவந்து செய்ததையெல்லாம் சொன்னார்.

போடுகிற தீனி மிச்சம் கிடக்கிறதா என்று கேட்டார் ஜெசிந்தா. மிச்சமில்லை, யாரும் பார்க்காத நேரத்தில் காலியாகிவிடுகிறது என்றார் அண்ணாச்சி. சொன்னபிறகுதான் அவருக்கே பயம் தெளிந்தது. ஆனாலும் ஆற்றாமை போகவில்லை.

"அத்தனை நாள் பார்த்துப் பார்த்து எடுத்த மீன், டீச்சர். முகத்தைக் காட்ட மாட்டேங்குதே."

ஜெசிந்தா சிரித்தார்.

"நீங்க பார்த்து முடிச்சிட்டீங்க, அண்ணாச்சி. அது இப்பத்தான் பார்க்க ஆரம்பிச்சிருக்கு."