நாலு பிளக் வயர்

பச்சைமலையின் மேலே ஒரு சின்ன மடம். ஓட்டுக் கூடம், ஒரு கிணறு, பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. மடத்தைப் பார்த்துக்கொண்டவர் பொன்னழகி அம்மாள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மலைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'தாயி'தான். அவரைவிட மிகவும் மூத்தவரான சிங்காரவேலுவும் தாயி என்றுதான் கூப்பிட்டார்.

ஞானம் தேடி வருகிறவர்கள் துணிமூட்டையோடு வருவார்கள். சிங்காரவேலு ஜீப்போடு வந்து சேர்ந்தார். பழைய பெட்ரோல் ஜீப்பு, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். அந்த மலைப்பாதையில் அதை ஓட்டித்தான் அவருக்குத் தலை நரைத்தது. வந்ததும் கொட்டகையில் விட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். அதோடு சரி, சாவியைத் தொடவே இல்லை.

அன்றைக்கே தாயியிடம் ஒன்று கேட்டார்.

"பிளக் வயரை முன்னாடியே மாத்தியிருந்தா என் சம்சாரம் பொழச்சிருப்பாளா தாயி?"

"சாப்பிட்டீங்களா?" என்றார் தாயி.

அப்புறம் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார். தாயி பிடி கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். அவர் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு நெஞ்சுவலி வந்த மத்தியானம் பேய்மழை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். பாதி மலையில் இஞ்சின் நின்றுபோனது. இஞ்சினுக்குக் கரண்டு கொண்டுபோகிற பிளக் வயர்களின் ரப்பர் வெடித்து வெகுநாள் ஆகியிருந்தது. ஈரம் பட்டால் கரண்டு கசியும், இஞ்சின் திணறி மிஸ்ஸிங் அடிக்கும். அது தெரிந்தேதான் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி மறுபடி கிளம்பியபோது வள்ளிக்கண்ணு உயிரோடு இல்லை.

ஊரே வந்து விதி, விதி என்றது. கேட்கக் கேட்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுசன் வயரை மாத்தாமல் விட்டதுக்கு விதி என்ன செய்யும், பாவம்!

இந்த ஐப்பசியில் மேல்காட்டு ஊர்க்காரர்கள் மடத்துக்கு வந்து நின்றார்கள். மழை பிடித்துவிட்டால் பஸ் மேலே வராது, ஆத்திர அவசரத்துக்கு ஜீப்பு இருந்தால் புண்ணியமாகப் போகும் என்றார்கள். ஒரு வீட்டில் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி வேறு இருந்தாள். சிங்காரவேலு தரையைப் பார்த்தார்.

"வயரு போச்சு. ஓடாது."

"புதுசு வாங்கிட்டு வாங்க" என்றார் தாயி.

திருச்சிக்குப் போய் வாங்கி வந்தார். அதே பழைய ரகம் இல்லை. சிவப்பு நிறத்தில், விரல் தடிமனில், சூட்டுக்கும் தண்ணிக்கும் அசையாத சிலிக்கான் வயர். "இதப் போட்டுட்டு ஆத்துக்குள்ளயே ஓட்டலாம்ணே" என்று கடைக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். சிங்காரவேலுவுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

பிளக் வயர் மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒன்றைக் கழற்று, அந்த இடத்தில் புதுசை மாட்டு, அப்புறம் அடுத்தது. அப்போதுதான் வரிசை தப்பாது. டிரைவர் வீட்டுக் கோழிக்குஞ்சுக்கும் தெரிந்த சங்கதி இது. நம்ம ஆள் என்ன செய்தார்? பானெட்டைத் தூக்கினார், பழைய வயர் நாலையும் ஒரே பிடியாகப் பிடித்துப் பிடுங்கினார். பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

புதுசை மாட்டிச் சாவியைத் திருப்பினால் இஞ்சின் டமால் டமால் என்று வெடித்தது. கிணற்றடியில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாற்றி மாட்டினார், அதே கூத்து. இன்னொரு விதமாக மாட்டினார், வெடிக்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, அவருக்கு இன்றைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வயர்களை மறுபடி கழற்றிக் கீழே போட்டுவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டுத் தாயி வந்தார்.

"ஏன் நாலையும் ஒண்ணா பிடுங்கினீங்க?"

"அதுங்களக் கண்ணு கொண்டு பாக்க முடியல தாயி."

தாயி புது வயர் ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"நல்ல வயரா?"

"கொட்டுற மழையிலயும் ஓடும்" என்ற சிங்காரவேலு, தாயியின் முகத்தையே பார்த்தார். "இன்னிக்காவது சொல்லுங்க தாயி. இது அன்னிக்கு இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

"பொழச்சிருக்கலாம்."

சிங்காரவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விதின்னு சொல்ல மாட்டீங்களா?"

"அதைச் சொல்லத்தான் ஊரே இருக்கே."

அவ்வளவுதான், மனுசன் உடைந்துவிட்டார். வள்ளிக்கண்ணுவைத் தூக்கிப்போன நாளில்கூட அப்படி அழுததில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். தாயி தேற்றவில்லை. பக்கத்தில் நின்றார்.

அழுது ஓய்ந்த பிறகு சிங்காரவேலு இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"அவ என்னைக் கூப்பிட்டா தாயி. நான் பானெட்டத் தூக்கி வச்சுட்டு, இந்தத் துண்டால வயரத் தொடைக்கிறேன், தொடைக்கிறேன், மழை நனைக்குது. உள்ள இருந்து 'ஏங்க'ன்னு கூப்பிட்டா."

"நீங்க?"

"இதோ ஆச்சுன்னேன். மறுபடியும் 'ஏங்க'ன்னா. 'இங்கதான்டி இருக்கேன், பொறு'ன்னு கத்தினேன். அதுக்கப்புறம் கூப்பிடல. கோவிச்சுக்கிட்டாளோன்னுகூட நினைச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வயரு கெட்டதுக்கு நான் பொறுப்பு, ஒத்துக்கிறேன். ஆனா எதுக்குக் கூப்பிட்டா? தண்ணி கேட்டாளா, வலின்னாளா, என்னத்தச் சொல்ல வந்தா? ரெண்டு எட்டு எடுத்து வச்சுப் போயிருக்கலாமே! அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல தாயி."

தாயி முந்தானையை இடுப்பில் செருகினார்.

"ஏறுங்க. டிரைவர் சீட்டு இல்லை. அவங்க உக்காந்த சீட்டு."

சிங்காரவேலு தயங்கினார். அன்றிலிருந்து அந்தச் சீட்டை அவர் தொட்டதில்லை. தாயி கண்டுகொள்ளாமல் இஞ்சின் பக்கம் போய்விட்டார். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தார்.

"நான் மாட்டுறேன். நீங்க வரிசை சொல்லுங்க."

கண்ணாடி முழுக்கத் தூக்கி நிறுத்திய பானெட்தான். வேறு எதுவும் தெரியவில்லை. தாயியின் தலை தெரியவில்லை, கை தெரியவில்லை, சேலை நுனிகூடத் தெரியவில்லை.

"ரேடியேட்டரை ஒட்டுன பிளக்கு ஒண்ணாம் நம்பரு" என்றார் அந்தப் பச்சைத் தகரத்தைப் பார்த்து. "டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில மேல் ஓட்டைதான் அதுக்கு. அங்கிருந்து இடப்பக்கமாச் சுத்துங்க. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு."

இத்தனை நேரம் எங்கே போயிருந்ததோ, வரிசை தானாக வாயில் வந்தது.

"ஒண்ணு மாட்டியாச்சு."

"நல்லா அமுக்குங்க. டக்குனு சத்தம் கேக்கணும்."

"கேட்டுச்சு. மூணும் ஆச்சு."

அப்புறம் சத்தம் இல்லை. சிங்காரவேலு காத்திருந்தார். வெளியே காற்று கிளம்பித் தகரக் கூரையை ஆட்டியது. நாலாம் வயர் நீளம் போதவில்லையோ? கையில் ஏதாவது பட்டுவிட்டதோ? கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை.

"தாயி."

பதில் இல்லை.

"தாயி!"

"என்ன?"

சிங்காரவேலு வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி... சும்மாதான். இருக்கீங்களான்னு..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார். வள்ளிக்கண்ணுவும் இதே சீட்டிலிருந்து, இதே பானெட்டைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருப்பாள்.

பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாயியின் குரல் வந்தது.

"இருக்கேன். இன்னொரு தரம் கூப்பிடணும்போல இருக்கா?"

சிங்காரவேலு கூப்பிடவில்லை. அந்த 'இருக்கேன்' போதுமாக இருந்தது.