ஒரு செம்பு நல்ல தண்ணீர்

"என் வீட்டுக்குள்ள கடல் சாகுதும்மா," என்றார் ஆத்திமுத்து.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. முன்னறையில் ஏழு கண்ணாடித் தொட்டிகள். ஏழிலும் கடல்நீர். அவள் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்தவள் அல்ல. ஆனாலும், வீட்டில் கடல் தொட்டி வைத்துவிட்டுத் தவிப்பவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. வந்திருந்தவருக்கு அறுபத்து மூன்று.

"உக்காருங்க அண்ணாச்சி. எது சாகுது?"

"கடல் சாமந்தி. பூ மாதிரி விரிஞ்சு ஆடுமே, அதான். கோமாளி மீன் ரெண்டு அதுக்குள்ளதான் குடியிருக்கு. இப்போ சுருங்கிச் சுருங்கி எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துட்டு."

"மீன் என்ன செய்யுது?"

"வாசல்ல நிக்குது. வீட்டுக்காரன் பூட்டிட்டுப் போயிட்ட மாதிரி."

"தொட்டி யாரு வச்சது?"



"அஞ்சு மாசத்துக்கு முன்னால என் வீட்டுக்காரிக்கு வாதம் வந்துட்டு. வலப்பக்கம் விளங்கல. பேச்சும் போயிட்டு. சுவரைப் பாத்தே கெடந்தா. ரெண்டு மாசம் கழிச்சு மகன் மெட்ராஸ்லேர்ந்து வந்து, கட்டிலுக்கு எதிர்ல இந்தத் தொட்டியை வச்சுட்டுப் போனான். அதுக்கப்புறந்தான் அவ கண்ணு திரும்பிச்சு. பூ இந்தப் பக்கம் ஆடினா இவ கண்ணும் இந்தப் பக்கம் ஆடும்."

"இப்போ?"

"நாலு நாளா மறுபடி சுவரு."

ஜெசிந்தா எழுந்து உள்ளே போனாள். அவர் அவள் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

"நான் என்ன கொறை வச்சேன்? மகன் சொன்ன மாதிரி தண்ணியில மீன் கழிவு சேந்திருக்கான்னு சோதிச்சுப் பாத்தேன், ஒண்ணுமில்ல. சூடு சரி. லைட்டு சரி. எறா நறுக்கிப் போடுதேன். வாரத்துக்கு ஒரு விரக்கடை தண்ணி வத்துது. அதுக்கும் கரைத்தண்ணிய ஊத்தல. போட்டுக்காரன்கிட்ட சொல்லிவச்சு, எட்டுப் பாகம், எட்டு ஆள் ஆழத்துல மொண்ட தண்ணியத்தான் ஊத்துதேன். கண்ணாடி மாதிரி இருக்கும்."

அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரில் ஊற்றி அவருக்குக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

செம்பில் மீதி இருந்ததைப் பக்கத்துத் தொட்டியின் ஓரமாக மெல்லச் சரித்தாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னம்மா செய்யுத?"

"தண்ணி வத்தியிருந்தது அண்ணாச்சி."

"அது நல்ல தண்ணி. இப்பதானே நான் குடிச்சேன்."

"ஆமா."

"கடல்ல பொறந்த ஜீவனுக்குக் குடிதண்ணிய ஊத்துதியே. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்லா."

"அதுல என்னன்னா அண்ணாச்சி..."

அவர் அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிவிட்டார்.

"படிச்ச புள்ளைன்னு சொன்னாங்க," என்றார் தெருவைப் பார்த்து.


ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். வெறுங்காலோடு வந்தார்.

"செருப்பு எங்க அண்ணாச்சி?"

"ஆட்டோவுலயே விட்டுட்டேன். இருந்தா மாட்டிக்கிட்டு ஓடிருவேன்."

ஜெசிந்தா சிரித்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"பூ கல்லை விட்டுட்டும்மா," என்றார். "பிடிச்சிருந்த காலை எடுத்துட்டு. தொட்டிக்குள்ள உருண்டுக்கிட்டுக் கெடக்கு. அவ கண்ணைத் தொறக்கவே மாட்டேங்கா. நீ எந்தத் தண்ணிய ஊத்தச் சொன்னாலும் ஊத்துதேன். ஏன்னு மட்டும் சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. அறையில் தொட்டிகளின் நீல வெளிச்சம் மட்டுமே. அப்போதும் அவர் கண்களை இடுக்கியே வைத்திருந்தார்.

"கண்ணு கூசுதா?"

"இல்ல. பழக்கம். முப்பத்தி நாலு வருசம் வெள்ளையவே பாத்த கண்ணு."

"என்ன வேலை பாத்தீங்க?"

"உப்பளத்துல கங்காணி."

"உப்பு எப்படி எடுப்பாங்க அண்ணாச்சி?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"தூத்துக்குடியில பொறந்துட்டு இதைக் கேக்கியா?"

"எனக்குத் திங்கத்தான் தெரியும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல்கூட மாறியது.

"மொதல்ல பாத்திய மிதிக்கணும். காலாலயே மிதிச்சு மிதிச்சுத் தளம் போடணும். தரை சொரசொரன்னு இருந்தா உப்புல மண்ணு வந்துரும். ஒருத்தன் மிதிச்ச பாத்திய நடந்து பாத்தே யாரு மிதிச்சதுன்னு சொல்லிருவேன். அப்புறம் கடல்தண்ணிய விடணும். கணுக்கால் அளவு போதும். மிச்சத்த வெயிலு பாத்துக்கும். வெயிலு குடிக்கும்."

"எதைக் குடிக்கும்?"

"தண்ணியத்தான். உப்பையா குடிக்கும்?"

"சரி. அப்புறம்?"

"வத்தின அளவுக்கு மறுபடி கடல்தண்ணிய விடணும். மறுபடி வத்தும். மறுபடி விடணும். விட விட உப்போட டிகிரி ஏறும். கடல்ல மூணு டிகிரி. பாத்தியில இருவத்தஞ்சு வரைக்கும் கொண்டாந்துரலாம். வேற வித்தை ஒண்ணும் இல்ல. வத்த வத்த கடல்தண்ணிய..."

நிறுத்தினார்.

தொட்டிகளில் காற்றுக்குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"வத்த வத்த," என்றார் மறுபடி, மெதுவாக.



"மூணு மாசமா," என்றார். பிறகு, "அவ கட்டிலுக்கு எதிர்ல, நடுவீட்டுல, பாத்தி கட்டி வச்சிருக்கேன்."

சிரிக்கப்போகிறவர் மாதிரி வாய் போனது. சிரிப்பு வரவில்லை.

சட்டென்று எழுந்தார்.

"போற வழியில ரெண்டு கேன் நல்ல தண்ணி வாங்கிக்கிடுதேன். மத்தியானத்துக்குள்ள டிகிரிய இறக்கிருதேன்."

"உக்காருங்க அண்ணாச்சி."

"நேரம் இல்லம்மா."

"உப்பு விளையிற நேரத்துல மழை பெஞ்சா என்ன ஆகும்?"

"நாசம். ஒரே மழையில அம்புட்டும்..."

உட்கார்ந்தார்.

"அந்தப் பூ மூணு மாசமா அந்த உப்புக்குத் தன்னை மாத்திக்கிட்டே வந்திருக்கு," என்றாள் ஜெசிந்தா. "தப்பான தண்ணிதான். ஆனா அதுலதான் உசிரோட இருந்திருக்கு."

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"வத்தினதுக்கு நல்ல தண்ணி ஊத்துங்க. அது போக, காலையில தொட்டியிலேர்ந்து ஒரு செம்பு எடுத்துக் கீழ கொட்டிட்டு, ஒரு செம்பு நல்ல தண்ணி விடுங்க."

"எத்தன நாளைக்கு?"

"அம்பது நாள் ஆகும்."

"அதுக்குள்ள செத்துட்டா?"

"சாகலாம்."

அவர் விரல்விட்டு எண்ணினார்.

"தெனம் ரெண்டு செம்பு விட்டா இருவத்தஞ்சு நாள்ல முடிஞ்சிரும்லா?"

"கங்காணி கணக்கு சரியாத்தான் இருக்கு. பூவுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியாது," என்றாள் ஜெசிந்தா.

அவர் வெறுங்காலோடு ஆட்டோவுக்கு நடந்தார்.


முதல் நாள் ஒரு செம்பு எடுத்தார். ஒரு செம்பு விட்டார்.

"நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன் தெரியுமா?" என்று மனைவி சொர்ணத்திடம் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். சொர்ணம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பையன் பதினோரு மணிக்கு வருவான். வலது கையைத் தூக்கிப் பிடித்து, ஐந்து தடவை போதும் என்பான். அவன் போன பிறகு ஆத்திமுத்து தானே இன்னும் ஐந்து தடவை தூக்குவார். சீக்கிரம் சரியாகட்டும் என்றுதான். அப்போதெல்லாம் அவள் கண்ணோரத்தில் நீர் வடியும். அதை அவர் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த தடவை தூக்குவார்.

ஒன்பதாவது நாள் கடல் சாமந்தி உருளுவதை நிறுத்தியது. கல்லைப் பிடித்திருக்கிறதா, சும்மா சாய்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். தொடவில்லை.

பதினாலாவது நாள் மகன் போனில் கேட்டான். "விரிஞ்சுட்டாப்பா?"

"உசிரு இருக்கு," என்றார்.

பத்தொன்பதாவது நாள் காலையில் அது கால்வாசி விரிந்திருந்தது. பூவின் விரல்கள் ஒவ்வொன்றும் முருங்கைப் பூ மொட்டு அளவு. மீன்களில் சின்னது உள்ளே போய் உடம்பைத் தேய்த்துவிட்டு வெளியே வந்தது. மறுபடி போனது.

அவர் ஒரு செம்பு எடுத்தார். ஒரு செம்பு விட்டார்.

விட்ட இடத்தில் தண்ணீர் நெளிந்தது. பூவின் விரல்கள் அசைந்தன. இன்னும் கொஞ்சம் விரிந்த மாதிரி இருந்தது. விரிந்துதான் இருந்தது.

அவர் கேனைச் சாய்த்து இன்னொரு செம்பு நிரப்பினார்.

"இன்னிக்கு ஒரு நாளுதானே," என்று முணுமுணுத்துக்கொண்டு, செம்பைத் தொட்டியின் விளிம்புக்குக் கொண்டுபோனார்.

"போ...தும்."

அவர் திரும்பினார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சொர்ணம் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை. அவள் பூவைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமாகக் கோணியிருந்த உதடு மறுபடி அசைந்தது.

"போதும்."

அவர் செம்பை விளிம்பிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தத் தண்ணீரை அவரே குடித்தார்.