ராக்கியண்ணன் சமைத்த கட்டுச்சோறு

ஒரு குளத்துக் கரையில் இரண்டு பெருச்சாளிகள் குடியிருந்தன. கணவன் பெயர் ராக்கியண்ணன். மனைவி பெயர் நாச்சக்காள். கரையில் நின்ற புங்க மரத்தின் வேருக்கடியில் அவற்றின் வளை. உள்ளே படுக்க ஓர் இடம், சமைக்க ஓர் இடம். கூழாங்கல் அடுப்பு, அதன் மேல் ஒரு கொட்டாங்குச்சி. அந்தக் குடும்பத்துக்கு அதுதான் சோற்றுப் பானை, குழம்புப் பானை எல்லாம்.

பெருச்சாளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாத கிழங்கோ காயோ கிடைத்தால் அதை உடனே வீட்டுக்குக் கொண்டுவராது. நுனியில் ஒரு கடி கடிக்கும். பிறகு மறுநாள் வரை சும்மா இருக்கும். வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றால்தான் அந்தக் கிழங்கு அடுப்பில் ஏறும். இதற்குப் ‘பல் பார்ப்பது’ என்று பெயர். எத்தனையோ விஷங்களுக்கு நடுவே அந்த இனம் பிழைத்துக் கிடப்பது இந்த வழக்கத்தால்தான்.

ஒரு மழை நாளில் வளையின் கூரை கொஞ்சம் சரிந்தது. நாச்சக்காளின் முன்னங்காலில் ஒரு கல் விழுந்தது. பாவம், காலை ஊன்றவே முடியவில்லை.

“நீ பேசாமப் படு புள்ளே! இன்னைக்கு நான் சமைக்கறேன்!” என்றது ராக்கியண்ணன்.

அதுவரை அது அடுப்புப் பக்கமே போனதில்லை. கோரைக்கிழங்கை வேகவைத்தது. புளியங்காயை நசுக்கிப் போட்டது. நிறம் பிடிக்கவில்லை என்று நாவல்பழத்தைப் பிழிந்துவிட்டது. குழம்பு தண்ணீராக ஓடியது. கெட்டியாகட்டும் என்று குளத்துக் களிமண்ணைக் கொஞ்சம் கரைத்து ஊற்றியது. பிறகு அதை இலையில் வழித்து மனைவி முன்னால் வைத்தது. மீசை துடிக்க எதிரே உட்கார்ந்துகொண்டது.

நாச்சக்காள் ஒரு வாய் எடுத்தது. அது தொண்டையில் இறங்க மறுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்ன புள்ளே, புளிப்பா?”

“இல்லீங்க... ரொம்ப நல்லா இருக்குங்க!”

ராக்கியண்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. எழுந்து வளைக்குள் மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. கல்யாணமான நாளில்கூட அதன் முகம் அப்படி மலர்ந்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் நாச்சக்காளுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரு பொய்தானே, கால் ஆறினால் நாமே சமைக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டது. அன்பினால்தான் அப்படிச் சொன்னது. அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

ராக்கியண்ணனும் தன் சமையலைத் தின்று பார்த்தது. என்னவோ மாதிரிதான் இருந்தது. ஆனால் நாச்சக்காள் நல்லது என்று சொல்லிவிட்டதே! அதனால் அது தன் நாக்கைத்தான் சந்தேகப்பட்டது. மனைவியைச் சந்தேகப்படவில்லை.

கால் ஆறியது. ஆனால் ராக்கியண்ணன் அடுப்பை விட்டு நகரவில்லை.

“நகருங்க, நான் சமைக்கறேனுங்க!”

“நீ போய் உட்காரு புள்ளே! இந்தப் பக்குவமெல்லாம் உனக்கு வராது!”

அடுப்போடு சேர்ந்து கனவும் வர ஆரம்பித்தது. பெருச்சாளிகள் பகலில் தூங்குபவை. அரைவேக்காட்டுக் கிழங்கைத் தின்றுவிட்டுப் படுத்தால் பகலில்தான் என்ன, எப்போது தூங்கினாலும் கனவு வரும். ஒரு நாள் கனவில் யானை ஒன்று கொட்டாங்குச்சிக்குள் உட்கார்ந்து குளித்ததாம். “இதில் வேப்பங்கொழுந்து போடப்பா, தேனும் விடு!” என்று சொன்னதாம். எழுந்ததும் ராக்கியண்ணன் அப்படியே செய்தது. இன்னொரு நாள் தவளை வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளைத் தவளை மாலையோடு எழுந்து வந்து, “தாமரைத் தண்டை வாழைப்பழத்தோடு வதக்கு!” என்றதாம். அதுவும் அன்றைக்கே இலைக்கு வந்தது.

“எப்படி இருக்கு புள்ளே?”

“அருமைங்க!”

கணவன் பார்க்கும்போது நாச்சக்காள் வாய் கோணாமல் தின்றது. பார்க்காதபோது மிச்சத்தை வளைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்தது. எறும்புகூட அந்தப் பக்கம் வரவில்லை.

முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு பேச்சோடு போயிருக்கும். நாள் ஆக ஆக உண்மையைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. இன்று உண்மையைச் சொன்னால் நேற்றுச் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே! அதற்குப் பயந்தே நாச்சக்காள் தினமும் புகழ்ந்தது. பயந்து பயந்து முன்னைவிட அதிகமாகவே புகழ்ந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நல்ல சேதி வந்தது. அவற்றின் மகள் தங்காயியை வாய்க்காலுக்கு அப்பால் மூங்கில் புதரில் கட்டிக்கொடுத்திருந்தன. தங்காயி முதல் முறையாகக் கர்ப்பமாக இருந்தது. பிரசவத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பலவிதச் சோறு கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டும். மகளுக்கு ஊட்டிவிட்டு, விருந்து முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். இதுதான் கட்டுச்சோறு.

“சமையல் என் பொறுப்பு!” என்று குதித்தது ராக்கியண்ணன்.

நாச்சக்காள் பதறிப்போய், “ஏனுங்க, ஒண்ணு சொல்லோணுமுங்க...” என்று ஆரம்பித்தது.

“நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும் புள்ளே! உனக்கு ஒத்தாசை வேணும், அதுதானே? புளிச்சோறு, எள்ளுச்சோறு ரெண்டையும் நீ கிளறு. கிழங்குச்சோறு மட்டும் நான் செய்யறேன். எனக்கு இந்தத் தைரியம் வந்ததே உன்னாலதான். நீ மட்டும் அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொல்லலேன்னா நான் அடுப்பை அன்னைக்கே விட்டிருப்பேன்!”

நாச்சக்காள் எள்ளைப் புடைக்கப் போனது. கணவன் செய்ததை ஓரமாக வைத்துவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

விருந்துக்கு முந்திய பகலில் ராக்கியண்ணனுக்கு ஒரு கனவு வந்தது. ஒரு வேலி. அதில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ நெருப்பு மாதிரி நின்றது. “என் காலடியில் தோண்டு! நீ சமைக்கப்போவதைப் பேரன் பேத்தி எல்லாம் பேசும்!” என்றது பூ.

விழித்ததும் ராக்கியண்ணன் ஓடியது. வாய்க்காலைத் தாண்டி இதுவரை போகாத தோட்டத்து வேலி வரைக்கும் போனது. அங்கே அந்தப் பூ நிஜமாகவே இருந்தது! என்றைக்கோ தூரத்திலிருந்து அந்த வேலியைப் பார்த்திருந்ததால் அது கனவில் வந்திருக்கலாம். ராக்கியண்ணன் அப்படி யோசிக்கவில்லை. மடமடவென்று தோண்டியது. பருத்த கிழங்கு ஒன்று கிடைத்தது.

அது கண்வலிக்கிழங்கு. பார்த்தால் ஏதோ வள்ளிக்கிழங்கு போலத்தான் இருக்கும். தின்றால் உயிர் பிழைப்பது அரிது. குளத்துப் பக்கம் அது முளைப்பதில்லை. ஆகவே ராக்கியண்ணனுக்கு அதைத் தெரியாது.

பழைய பழக்கத்தில் கிழங்கின் நுனியைப் பல்லுக்குக் கொண்டுபோனது. பிறகு நிறுத்திவிட்டது.

‘பல் பார்த்தால் நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டும். விருந்தே நாளைக்குத்தான். இதுவரை கனவு சொன்னதில் ஒன்றாவது தப்பாகப் போயிற்றா? நாச்சக்காள் ஒரு நாளாவது முகம் சுளித்ததா?’

கிழங்கை இலையில் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தது. மனைவிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று காட்டாமலே வேகவைத்தது. வெல்லமும் சோறும் சேர்த்துப் பிசைந்தது. ஒரு பொட்டலமாகக் கட்டியது.

மறுநாள் காலையில் மூங்கில் புதரில் ஒரே கூட்டம். மாப்பிள்ளையின் தாய் வாசலுக்கே வந்து வரவேற்றது.

“வாங்கண்ணா, வாங்க! நீங்களே சமைச்சீங்களாமே!”

ராக்கியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தங்காயியை நடுவில் உட்காரவைத்தார்கள். பெரிய வயிறோடு அது அசைந்து அசைந்து வந்து உட்கார்ந்தது. முதல் கவளத்தைத் தாய் ஊட்ட வேண்டும். நாச்சக்காள் எள்ளுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனது.

“அது அப்புறம்! முதல்ல இது!” என்று ராக்கியண்ணன் தன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியது.

மறுக்க முடியுமா? நாச்சக்காள் ஒரு கவளம் எடுத்தது. மகளின் வாய்க்கருகே கொண்டுபோனது. அப்போது ஒரு வாடை மூக்கில் ஏறியது. அதற்கு முன் முகர்ந்தே இராத வாடை.

“ஏனுங்க, இது என்ன கிழங்குங்க?”

“கனவுல வந்த கிழங்கு!”

“பல் பார்த்தீங்களா?”

“அதெல்லாம் எதுக்கு? ஊட்டு புள்ளே!”

தங்காயி வாயைத் திறந்தது. நாச்சக்காள் கவளத்தைத் தரையில் வீசி எறிந்தது.

“வாயை மூடு தங்காயி! இதைத் திங்காதே!”

ராக்கியண்ணன் எழுந்து நின்றது.

“என்ன புள்ளே இது? நான் சமைச்சதுல ஒண்ணாவது நல்லா இல்லாமப் போச்சா? நீயே சொல்லு. சம்பந்தி வீட்டுக்காரங்க கேக்கட்டும்!”

நாச்சக்காள் சுற்றிலும் பார்த்தது. மகளின் வயிற்றைப் பார்த்தது. இனி மறைக்க வழியில்லை.

“ஒண்ணுமே நல்லா இல்லீங்க! ஒரு நாளும் நல்லா இல்லீங்க! நான் பொய் சொன்னேனுங்க!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராக்கியண்ணனின் முகம் கருத்துச் சுருங்கியது. எந்த முகத்தைப் பார்க்கப் பயந்து நாச்சக்காள் இத்தனை நாள் பொய் சொன்னதோ, அந்த முகம்! அதுவும் இத்தனை பேருக்கு நடுவில்.

ராக்கியண்ணன் அதை நம்பவும் இல்லை. எப்படி நம்பும்? தினமும் கேட்ட புகழ்ச்சி ஒரு பக்கம். இன்று கேட்ட ஒரே ஒரு பேச்சு ஒரு பக்கம்.

“எனக்கு வந்த பேரு உனக்குப் பொறுக்கலையா? மவ வீட்டுல வெச்சு என்னை அவமானப்படுத்தறயா? ஒருத்தரும் திங்க வேண்டாம்! நானே திங்கறேன்!”

“வேண்டாமுங்க! உங்க காலைப் பிடிக்கறேனுங்க!”

நாச்சக்காள் பாய்ந்து பொட்டலத்தைப் பிடுங்கியது. சோறு தரையெல்லாம் சிதறியது. அதற்குள் ராக்கியண்ணன் வாய் நிறைய அள்ளி விழுங்கிவிட்டது.

“பாத்தியா? எனக்கு ஒண்ணும் ஆகலே!” என்றது.

கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துப்போனது. மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. மாப்பிள்ளை வாய்க்காலுக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தது. சம்பந்தியம்மாள் தெரிந்த தழையை எல்லாம் கசக்கிப் புகட்டியது. எதுவும் உள்ளே நிற்கவில்லை. வெயில் சாயும்போது ராக்கியண்ணன் மனைவியின் மடியில் தலை வைத்துக் கிடந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது.

“ஏம்புள்ளே... நெசமாவே ஒரு நாளும் நல்லா இல்லையா?”

இப்போது இன்னொரு பொய் சொல்வது மிகவும் சுலபம். நாச்சக்காளின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. ஆனாலும் அதைச் சொல்லவில்லை.

“இல்லீங்க. ஒரு நாளும் இல்லீங்க.”

“அப்புறம் ஏன் தின்னே?”

“உங்க முகம் வாடிப் போகுமேன்னுங்க...”

ராக்கியண்ணன் சிரிக்கப் பார்த்தது. சிரிப்பு இருமலாகத்தான் வந்தது.

“வாடினா என்ன புள்ளே? விடிஞ்சா சரியாப் போயிருக்கும். உப்புக் கம்மின்னு சொல்லியிருந்தா உப்புப் போட்டிருப்பேன். உங்களுக்குச் சமைக்க வராதுன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன். நீ சொன்ன எதை நான் நம்பாம இருந்தேன்?”

நாச்சக்காள் கணவனின் மீசையில் ஒட்டியிருந்த வெல்லத்தைத் துடைத்துவிட்டது. பொழுது இறங்குவதற்குள் ராக்கியண்ணனின் உயிர் போய்விட்டது.

தங்காயி பிழைத்தது. அதன் வயிற்றில் இருந்த குட்டிகளும் பிழைத்தன. நாச்சக்காள் அழுதுகொண்டே மகளைக் கைப்பிடித்து வாய்க்காலைத் தாண்டி வீட்டுக்கு அழைத்துப் போனது.

பிரியமானவரின் முகம் வாடுமே என்று உண்மையை மறைக்காதீர்கள். வாடிய முகம் மறுநாள் மலர்ந்துவிடும், பொய்யை நம்பிப் போன உயிர் திரும்பி வராது.