அமைச்சர் கட்டிய பாலம்

ஆப்பிரிக்க நாடொன்றின் நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்தவர் நாலிஷெபோ. முன்பு மருத்துவச்சி. "எங்கள் கர்ப்பிணிகள் முதலை திரியும் ஆற்றைத் தோணியில் கடக்கிறார்கள், பாலம் வேண்டும்" என்று கேட்டார்.

"பாலம் போன வருஷமே கட்டியாயிற்று. கோப்பைப் படித்துவிட்டு வாருங்கள், அம்மா," என்று பொதுப்பணி அமைச்சர் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

நாலிஷெபோவுக்கு உள்ளே கொதித்தது. குரலில் மட்டும் தேன். "அப்படியானால் என் கண்தான் பழுது. வெள்ளிக்கிழமை அமைச்சர் அந்தப் பாலத்தில் காரை ஓட்டி வரட்டும். அக்கரையில் மேளத்தோடு நிற்கிறேன்."

சபையே மேசையைத் தட்டியது. "போவீர்களா?" என்றார் சபாநாயகர்.

அமைச்சர் வியர்வையைத் துடைத்தார். "அது... இன்னும் கட்டவில்லை."

மறுவாரமே வேலை தொடங்கியது. திறப்பு விழாவன்று பிரசவ வலியோடு ஒருத்தியை ஏற்றிய மாட்டுவண்டிதான் முதலில் கடந்தது. அமைச்சரின் கார் ஹாரன் அடிக்காமல் பின்னால் ஊர்ந்தது.