மாப்பிள்ளை வீட்டு எதிரொலி

ஊமத்தங்குளத்தில் உலகநாதன், மூக்காண்டி, பேச்சிமுத்து, வெயிலுமுத்து என்று நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து அறிவு என்று ஏதோ கொஞ்சம் இருந்தது. அதுவும் செலவாகிவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மூத்தவர்கள் மூவருக்கும் பெண் கொடுக்க ஒருவரும் வரவில்லை. கடைக்குட்டி வெயிலுமுத்து மட்டும் பார்க்க லட்சணமாக இருப்பான், வாயைத் திறக்காதவரை. போட்டோ வாயைத் திறக்காது அல்லவா? அதைப் பார்த்துவிட்டுத்தான் பம்பாயில் பலசரக்குக் கடை வைத்திருந்த சிவனணைஞ்சபெருமாள் தன் மகள் பூரணத்தைக் கொடுக்க முன்வந்தார். வெள்ளிக்கிழமை போனில் பேசி முடித்துவிடலாம், இது தட்டிப்போனால் தென்காசியில் இன்னொரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறான் என்று சொல்லி அனுப்பினார்.

இதற்காகவே வீட்டுக்குப் புது போன் வந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பதுதானே நம் வழக்கம்? பேச்சிமுத்து பக்தியில் குறை வைக்காதவன். பொத்தான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தான். ஒன்றாம் எண் தலைச்சன் என்பதால் அதற்கு மட்டும் கை நிறைய எடுத்து அப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடித்தது. உலகநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

“வணக்கம் சம்பந்தி!”

“வணக்கம் சம்பந்தி!” என்று போனிலிருந்து வந்தது.

“என்ன மரியாதைலே!” என்று தம்பிகளிடம் உருகிவிட்டு, “பொண்ணு நல்லா இருக்காளா?” என்று கேட்டார்.

“பொண்ணு நல்லா இருக்காளா?”

உலகநாதனுக்கு வேர்த்துவிட்டது. போனை மார்போடு அணைத்துக்கொண்டார். “ஏலே, நம்ம வீட்டுப் பொண்ணை விசாரிக்காரு. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கணும் போல.”

“நம்ம வீட்டுல ஏதுண்ணே பொண்ணு?” என்றான் வெயிலுமுத்து.

“பசுமாடு இருக்குல்லா?” என்றான் மூக்காண்டி.

“சினை மாட்டை எப்படிண்ணே கட்டிக் குடுக்க? ஊரு என்ன பேசும்?” என்று கடிந்துகொண்டான் பேச்சிமுத்து.

வெயிலுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சம்பந்தமும் போனால் அண்ணன்மாரோடு தானும் காலமெல்லாம் ஒற்றைக்கட்டைதான் என்பது அவனுக்கே புரிந்திருந்தது. பாவம்.

உலகநாதன் மனசைத் திடப்படுத்திக்கொண்டார். “சம்பந்தி, எங்க வீட்டுல மாடுதான் இருக்கு.”

“சம்பந்தி, எங்க வீட்டுல மாடுதான் இருக்கு.”

“அடப்பாவி! பொண்ணு இருக்குன்னு சொல்லி மாட்டைத் தலையில கட்டப் பாத்தீரா?” என்று கொதித்தார் உலகநாதன்.

அப்போதுதான் உண்மையான சம்பந்தியின் குரல் இடி மாதிரி இறங்கியது. “யாருகிட்டவே பேசுதீரு? நான் இன்னும் வாயே திறக்கலை! நீரு பேசுதது உமக்கே திரும்பி வருது போல. அது எதிரொலிவே! கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லி எடுக்கச் சொல்லும். சாயங்காலம் கூப்பிடுவேன். அப்பவும் எதிரொலி கிதிரொலின்னா பொண்ணு தென்காசிக்குத்தான்.”

உடனே கம்பெனிக்குப் போன் போட்டார்கள். நல்லவேளை, கம்பெனி நம்பரில் ஒன்றாம் எண் இல்லை. ஆனால் மெஷின் விடுகிறதா? “தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்” என்றது. உலகநாதன் அழுத்தினார். பொத்தான் சந்தனத்துக்குள் சமாதி ஆகியிருந்தது.

“சந்தனத்தைச் சுரண்டிருவோமாண்ணே?”

“சாமி குத்தம்லே!”

மூக்காண்டி எதிர்க்கடைக்கு ஓடி, அங்கே இருந்த போனில் ஒன்றை அழுத்திக் கேட்டுவிட்டு வந்தான். “எண்ணே, அந்த மெஷினுக்குக் கண்ணு கிடையாது, காதுதான். பொத்தான் போடுத சத்தத்தை வச்சுத்தான் இன்ன நம்பருன்னு கண்டுபிடிக்கும். ஒன்னுக்குக் கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் சேந்து வருது.” எப்போதாவது இப்படி ஒரு உண்மை அவன் வாயிலிருந்து தவறி விழுந்துவிடும்.

மூக்காண்டிக்குக் கட்டைக் குரல், பேச்சிமுத்துவுக்குக் கீச்சுக் குரல். இருவரும் போனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து “ஊஊஊ” என்றும் “ஈஈஈ” என்றும் சேர்ந்து பாடினார்கள். சுருதி கொஞ்சம் விலகியதில் இந்திக்காரி வந்தாள். மறுபடி பாடினார்கள். தெலுங்கு வந்தது. தொழுவத்தில் மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தொண்டை கட்டப்போகிற சமயத்தில் ஒருவழியாகத் தமிழ் கிடைத்தது.

குறையைக் கேட்ட கம்பெனிப் பெண், “எதிரொலியை எடுக்கிற கருவியை உங்க லைன்ல போட்டுட்டேன் சார். நீங்க சொன்னது அந்தப் பக்கத்துல இருந்து திரும்பி வந்தா, அது கண்டுபிடிச்சு அழிச்சிடும்” என்றாள்.

போனை வைத்ததும் சபை கூடியது.

“ஆபத்துலே,” என்றார் உலகநாதன். “நாம சொன்ன வார்த்தை அங்கிருந்து வந்தா அழிச்சிருமாம். நாம ‘சம்மதம்’னு சொல்லிட்டா, சம்பந்தி சொல்லுத ‘சம்மதம்’ நமக்கு வந்தே சேராதே!”

“அப்போ அவரு எதைச் சொல்லக் கூடாதோ, அதை நாம முந்திச் சொல்லிருவோம்ணே,” என்றான் பேச்சிமுத்து.

“எதைச் சொல்லக் கூடாது?”

“‘வேண்டாம்’னு சொல்லக் கூடாது.”

நால்வரும் ஒருவரை ஒருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மணி அடித்தது. நால்வரும் போனைச் சுற்றி நின்றார்கள். “இப்போ நல்லாக் கேக்குதா?” என்றார் சிவனணைஞ்சபெருமாள். “சரி, நகை எவ்வளவு போடணும்? கூச்சப்படாமச் சொல்லும்.”

“வேண்டாம்!” என்று நான்கு தொண்டைகளும் ஒன்றாக அலறின.

“ரொக்கம்?”

“வேண்டாம்!”

“மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளாவது...”

வெயிலுமுத்துவுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். அழுதுகொண்டே எல்லாரையும்விட உரக்க, “வேண்டாம்!” என்றான்.

அந்தப் பக்கத்திலிருந்து தழுதழுத்த குரல் வந்தது. “இந்தக் காலத்துல இப்படியும் மனுசங்களா! தென்காசிக்காரன் என் கடையையே எழுதிக் குடுக்கச் சொன்னான். பூரணம் இனி உங்க வீட்டுப் பொண்ணு. எனக்குப் பூரண சம்மதம்!”

“பாத்தியளா!” என்று குதித்தார் உலகநாதன். “ஒரு ‘வேண்டாம்’கூட வரலை. கருவி ஒன்னுவிடாம அழிச்சுட்டு!”

கல்யாண நாளும் வந்தது. மண்டபம் நிறையப் பம்பாய்க் கூட்டம். பூரணம் தலை குனிந்து மணையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன்மார் மூவரும் மாப்பிள்ளைக்குப் பின்னால் காவல் நின்றார்கள். எதிரொலி வந்தால் பெண் தென்காசிக்கு என்று சம்பந்தி சொன்னதை அவர்கள் மறக்கவே இல்லை.

ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்து, “நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லணும்” என்றார்.

“நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லணும்” என்றான் வெயிலுமுத்து.

“இதை இல்லப்பா, மந்திரத்தை!”

“இதை இல்லப்பா, மந்திரத்தை!”

“என்னய்யா கூத்து இது?”

“என்னய்யா கூத்து இது?”

சிவனணைஞ்சபெருமாள் முகம் சுருங்கியது. அவ்வளவுதான். “வந்துட்டுலே!” என்று கத்தினார் உலகநாதன். மூவரும் மாப்பிள்ளை மேல் பாய்ந்தார்கள். மூக்காண்டி கையைப் பிடித்தான், பேச்சிமுத்து காலைப் பிடித்தான், உலகநாதன் தன் புதுத் துண்டைச் சுருட்டித் தம்பியின் வாயில் முழுசாக அடைத்தார்.

பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஐயரைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டார்.

“சாமி, இனிமே பயமில்லாம மந்திரத்தைச் சொல்லுங்க. எதிரொலியை எடுத்தாச்சு!”